புனிதா அக்கா போடாத கையெழுத்து

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாவலூரில் எங்கள் அலுவலகத்தின் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் நிறுவனத்தை வாங்க விரும்பிய ஒரு பெரிய நிறுவனத்தின் ஆட்கள் மூன்று பேர் எதிரே இருந்தார்கள். மேசை மீது கவிழ்த்து வைத்திருந்த என் கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. எங்கள் பழைய ஆய்வகத்து வாட்ஸப் குழுவாகத்தான் இருக்கும், அதில் பெரும்பாலும் யாருடைய பிறந்தநாளோ, யார் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததோ, அவ்வளவுதான் வரும். அதனால் எடுக்கவில்லை. மூன்றாவது முறை அதிர்ந்தபோது, மரியாதைக்குறைவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று திருப்பிப் பார்த்தேன். புனிதா அக்கா அன்று விடியற்காலையில் மாரடைப்பால் காலமாகிவிட்டார் என்றும் அடக்கம் மறுநாள் என்றும் போட்டிருந்தது.

எதிரே இருந்தவர்களிடம் என்ன சொல்லி எழுந்தேன் என்று நினைவில்லை. என் பையில் அன்று ஒரு தாள் இருந்தது. சாயங்காலம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முடிச்சூரில் அவர் வீட்டுக்குப் போவதாக இருந்தேன். அதில் அவர் கையெழுத்து வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு முன்பும் அதே மாதிரி ஒரு தாளுடன் அதே வீட்டுக்குப் போயிருக்கிறேன், அப்போது அவர் போட மறுத்துவிட்டார். நடுவில் இருந்த இத்தனை காலத்தில் நாங்கள் இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியதே இல்லை. அவரை அறிந்தவர்களுக்கும், அவர் எழுதியதை நாள்தோறும் பயன்படுத்திக்கொண்டு அவர் பெயரை அறியாமல் இருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதுகலை முடித்துவிட்டு ஆய்வு மாணவனாக நான் தாம்பரத்துக்கு வந்தபோது எனக்கு இருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் எங்கள் ஆய்வகம் இரண்டாவது மாடியில் இருந்தது. கணினிகளுக்காக ஏசியைக் கடுங்குளிரில் வைத்திருப்பார்கள். வாசலுக்குப் பக்கத்து மேசையில், சேலை மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். சாவிப் பதிவேடும் அவர் மேசையில்தான் இருந்தது. சரி, இவர் ஆய்வக உதவியாளர் என்று நானாக முடிவு செய்துகொண்டு, வந்த இரண்டாம் நாளே, "அக்கா, ஏசி குளிரைக் கொஞ்சம் குறைச்சு வைங்க" என்றேன். எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார். உட்கார்ந்த பிறகு என்னைப் பார்த்து, "நீதானே பாலாஜி? நேத்து நீ அனுப்பினதைப் பார்த்தேன். அது பொய் சொல்லுது" என்றார்.

முதல் நாளே வேகம் காட்ட வேண்டும் என்று நான் எழுதி அனுப்பிய கணினி நிரலைப் பற்றித்தான் சொன்னார். எங்கள் ஆய்வகம் உருவாக்கிக்கொண்டிருந்த மென்பொருளின் பெயர் ஏரி. ஆய்வகத்தை நடத்திய எங்கள் பேராசிரியர் சேலையூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது வைத்த பெயர் என்பார்கள். பல சாதாரணக் கணினிகளில் தகவலைப் பிரித்துச் சேமித்து வைப்பதுதான் அதன் வேலை. நடுவில் ஒரு கணினி செத்தாலும், மின்சாரமே போனாலும், சேமித்ததில் ஒரு எழுத்துகூடத் தொலையக் கூடாது. நான் அனுப்பிய நிரல், தகவல் கணினியின் சேமிப்பு வட்டில் போய் உட்காரும் முன்பே "எழுதியாகிவிட்டது" என்று பதில் சொல்லிவிடும். அதனால்தான் வேகமாக இருந்தது. "எழுதிட்டேன்னு சொன்ன அடுத்த நொடி கரண்ட் போனா, அது எங்கே இருக்கும்?" என்று கேட்டார். நான் அனுப்பியதை எடுத்துத் திருத்த உட்கார்ந்தேன்.

டிப்ளமா முடித்துவிட்டுத் திட்டப் பணியாளராகச் சேர்ந்தவர் அவர். வயதில் என்னைவிட ஆறு ஏழு ஆண்டுகள்தான் மூத்தவர். பட்டங்களும் கட்டுரைகளும் எங்கள் பெயரில் சேர்ந்துகொண்டிருந்தன. ஏரிக்குள் எது போகலாம், எது போகக் கூடாது என்று முடிவு செய்தவர் அவர். பேராசிரியர் எழுதியதையே இரண்டு முறை திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். பேராசிரியர் பெரிய மனிதர், சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுத்தார். நான் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் என்றால் எங்களுக்கெல்லாம் சோதனை. சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு அக்கா எழுந்து, வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளுக்குப் பின்னால் போவார். எந்தக் கணினி என்று யாருக்கும் சொல்ல மாட்டார். ஏதாவது ஒன்றின் பிளக்கைப் பிடுங்குவார், சில நாள் இரண்டு, மூன்று. பிறகு திரும்பச் சொருகிவிட்டு, எதாவது தொலைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். தொலைந்திருந்தால் யார் எழுதிய பகுதியோ அவர் சனிக்கிழமையும் வர வேண்டும். வந்தால் அக்காவும் கூடவே வருவார், திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார், மதியம் தன் வீட்டுச் சாப்பாட்டில் பாதியைக் கொடுப்பார். திட்டு கொஞ்சம் அதிகம்தான். புது மாணவர்கள் சிலர் அழுதிருக்கிறார்கள். இதையும் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிய சித்திரம் பொய்யாகிவிடும்.

இனி நான் சொல்லப்போவதற்கு ஒரு அலுவலக வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். திட்டப் பணியாளர்களுக்குப் பதினோரு மாத ஒப்பந்தம். அது முடிந்ததும் சில நாள் "பிரேக்" கொடுத்துவிட்டு, பிறகு புதிய ஒப்பந்தம் போடுவார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன், என்னை நிரந்தரமாக்குங்கள் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது அல்லவா, அதற்காக. பிரேக் நாட்களில் சம்பளம் கிடையாது, அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அக்கா அந்த நாட்களிலும் வழக்கம்போல வந்து உட்கார்ந்திருப்பார். எங்களில் ஒருவருக்குக்கூட அது தவறாகத் தோன்றியதில்லை. வருகிறார், வேலை நடக்கிறது, அவ்வளவுதான் என்று இருந்தோம்.

முடிச்சூரை வெள்ளம் மூழ்கடித்த ஆண்டில், அவருடைய பிரேக் சரியாக அந்த நேரத்தில் வந்தது. வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். அவரும் அவர் கணவர் ஆரோக்கியசாமி அண்ணனும் ஒரு மாதாகோயில் கூடத்தில் மற்றக் குடும்பங்களோடு தங்கியிருந்தார்கள். அண்ணன் ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவர், தண்ணீர் வடிந்ததும் அவருக்கு ஓயாத வேலை. பல்கலைக்கழக அலுவலகமும் நனைந்த கோப்புகளோடு திண்டாடிக்கொண்டிருந்ததால், சில நாளில் முடிய வேண்டிய பிரேக் மூன்று வாரம் நீண்டது. அதற்குள் வாசலில் காவலுக்குப் புது ஆட்கள் வந்துவிட்டார்கள். அட்டை இல்லாமல் உள்ளே விட முடியாது என்று அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் எங்களுக்குப் போன் செய்திருக்கலாம். யாராவது கீழே போய்ச் சொல்லி அழைத்து வந்திருப்போம். அவர் செய்யவில்லை, நாங்களும் ஏன் காணோம் என்று விசாரிக்கவில்லை.

கூடத்தில் இருந்த ஒரே மின் இணைப்பில் எல்லோருடைய போன்களுக்கும் நடுவே தன் பழைய மடிக்கணினியைச் சொருகிக்கொண்டு, அந்த மூன்று வாரத்தில் அவர் எழுதியதுதான் ஏரியின் மீட்புப் பகுதி. கணினிகளுக்கு நடுவே யாரிடம் எந்தத் தகவல் இருக்கிறது என்ற பட்டியலே அழிந்துபோனால் என்ன செய்வது என்று ஒன்றரை ஆண்டாக நாங்கள் முட்டி மோதிக்கொண்டிருந்த சிக்கல் அது. பாய் கொடுப்பதற்காக எழுதி வைத்திருந்த குடும்பப் பட்டியல் கூடத்தில் ஒருநாள் ஈரத்தில் ஊறி அழிந்துவிட்டதாம். தொண்டு செய்ய வந்தவர்கள் ஒவ்வொரு குடும்பத்திடமும் போய், உங்களுக்கு இந்தப் பக்கம் படுத்திருப்பவர் யார், அந்தப் பக்கம் யார் என்று கேட்டுக் கேட்டே முழுப் பட்டியலையும் திரும்ப எழுதிவிட்டார்கள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், கணினிகளையும் அதேபோலப் பக்கத்துக் கணினிகளைக் கேட்க வைத்தார். எழுதி முடித்ததும், ஆய்வகத்துக்கு அல்ல, யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய ஏரியின் பொது மின்னஞ்சல் பட்டியலுக்குத் தன் சொந்த முகவரியிலிருந்து அனுப்பினார். உள்ளே விடாதபோது வேறு எங்கே அனுப்புவார்?

நாங்கள் அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தோம். அடுத்த ஆண்டு வெளிவந்த எங்கள் ஆய்வுக் கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. அதில் அவர் பெயர் நான்காவது.

ஒரு ஆய்வகத்திலிருந்து நிறுவனம் எப்படிக் கிளம்புகிறது என்று இப்போது மேடைகளில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். நான் சொல்வது ஒரு மாதிரி, நடந்தது வேறு மாதிரி. ஏரியின் நிரலை நாங்கள் தொடக்கத்திலிருந்தே திறந்து வைத்திருந்தோம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம். மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால் அதையும் திறந்தே கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. மெல்ல மெல்ல வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பெரிய கடைகள், மருத்துவமனைகள் என்று கேள்விகள் வந்தன. நாம் சமைத்ததை ஊரே சாப்பிடுகிறது, நமக்கு என்ன மிச்சம் என்று நான்தான் முதலில் கேட்டேன். பேராசிரியருக்கும் ஆசை இருந்தது. பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவு மையம் ஒரு முதலீட்டாளரைப் பிடித்துக் கொடுத்தது. கதவைத் திறந்து போட்டுக்கொண்டு கடை நடத்த முடியாது, இனி வரும் பதிப்புகளை மூடிவிடுங்கள் என்று அவர் சொன்னார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

நிறுவனர்கள் யார் யார் என்று முதலீட்டாளருக்குக் காட்டிய பக்கத்தை நான் தயாரித்தேன். பேராசிரியர், நான், இன்னும் இரண்டு ஆய்வு மாணவர்கள். அக்காவின் பெயரைக் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் பட்டியலில், கட்டடம் தந்தவர்களுக்கும் மின்சாரப் பிரிவுக்கும் நடுவில் போட்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்போது வெட்கம் வரவில்லை, அவர் திட்டப் பணியாளர்தானே என்றுதான் நினைத்தேன்.

மூட வேண்டும் என்றால், எழுதிய ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும். ஊழியர்களும் மாணவர்களும் எழுதியது பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம், அதற்கு ஒரே கையெழுத்து போதும். வெளியாட்கள் அனுப்பிய சின்னச் சின்னத் திருத்தங்களை நாங்களே மாற்றி எழுதிவிடலாம். முதலீட்டாளரின் வழக்கறிஞர் ஒரு பெண், மிகவும் பொறுமைசாலி. ஒவ்வொரு திருத்தத்தையும் தேதிவாரியாக எடுத்து, அந்தத் தேதியில் அதை எழுதியவர் யாருடைய சம்பளத்தில் இருந்தார் என்று பார்த்துக்கொண்டே வந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இந்த புனிதா யாரு சார்?" என்று கேட்டார். எங்கள் லேப் அக்கா என்றேன். "அந்த மூணு வாரம் அவங்க உங்க லேப்ல இல்ல. இது அவங்களோடது" என்றார்.

ஏரியின் இதயம் என்று நாங்கள் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்த பகுதி, சட்டப்படி ஒரு தனி மனுஷியின் சொத்து. சம்பளத்தை மிச்சம் பிடிக்கவும் நிரந்தரப் பணி கேட்காமல் இருக்கவும் அலுவலகம் கொடுத்த பிரேக் அதைச் செய்திருந்தது. எனக்கு ஒன்றும் பயம் வரவில்லை. நம் அக்காதானே, போட்டுக் கொடுத்துவிடுவார் என்று நினைத்து, கிலோ கணக்கில் இனிப்பு வாங்கிக்கொண்டு தாளோடு முடிச்சூருக்குப் போனேன்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, இரண்டு பக்கத்தையும் வரிவிடாமல் படித்தார். படித்து முடிக்கிறவரை என்னைப் பேசவிடவில்லை. பிறகு மடித்து என் முன்னால் வைத்தார்.

"அப்ப என்னை வாசல்லயே நிறுத்திட்டாங்க பாலாஜி. சரி, யாரு வேணா எடுத்துக்கட்டும்னு லிஸ்ட்ல போட்டேன். இப்ப யாரும் எடுக்கக் கூடாதுன்னு நீ கையெழுத்து கேக்கிற."

யாரும் எடுக்கக் கூடாது என்று இல்லை, பழைய பதிப்பு அப்படியே இருக்கும், புதியதைத்தான் மூடுகிறோம் என்று விளக்கினேன். புதியதில் திருத்தம் செய்வீர்கள், பழையதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். பங்கு தருவதாகச் சொன்னேன். நிறுவனர் என்று பெயர் போடுவதாகச் சொன்னேன். அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அவர் முகத்தில் மாற்றமில்லை. கம்பெனி ஆரம்பிப்பதில் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை, மூடாமல் ஆரம்பி என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாய்க்கு வந்ததைப் பேசினேன். எங்களைப்போலப் படித்து மேலே வர முடியவில்லை என்ற பொறாமையில்தான் நாலு பேர் பிழைப்பைக் கெடுக்கிறீர்கள் என்றேன். இது நான் சொன்னதில் கொஞ்சம் நாகரிகமான பகுதி. அக்கா உள்ளே போய் இனிப்பிலிருந்து நான்கை ஒரு தட்டில் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். நான் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அவர் இல்லாவிட்டால் என்ன, நாங்களே அந்தப் பகுதியைப் புதிதாக எழுதிக்கொள்கிறோம் என்று கிளம்பினோம். நான்கு மாதம் எழுதினோம். வெள்ளிக்கிழமைதோறும் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம், வெள்ளிக்கிழமைதோறும் தொலைந்தது. முதலீட்டாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்களைக் கைகழுவினார். கடைசியில் வேறு வழியில்லாமல் அக்கா சொன்ன மாதிரியே ஆரம்பித்தோம், அவர் சொன்னதால் அல்ல என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டு. பெருங்களத்தூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். அதை நிறுவித் தருவது, பழுதானால் ஓடிப்போய்ப் பார்ப்பது, புதிய பதிப்பை உத்தரவாதத்தோடு கொடுப்பது, இதற்குத்தான் எங்களுக்குக் கூலி. பெரிதாக வளரவில்லை, மூழ்கவும் இல்லை. நாவலூருக்கு மாறும்போது இருபத்திரண்டு பேர் ஆகியிருந்தோம்.

அக்கா அதே ஆய்வகத்தில் பதினோரு மாதம், பிரேக், மறுபடி பதினோரு மாதம் என்று இருந்தார். வேலைக்கு அழைக்க வேண்டும் என்று எனக்குப் பலமுறை தோன்றியது. என் வறட்டு கௌரவம் விடவில்லை. பொது மின்னஞ்சல் பட்டியலில் மட்டும் நாங்கள் ஆங்கிலத்தில், யாரோ எவரோ போல, மிகவும் மரியாதையாக எழுதிக்கொள்வோம். ஒருமுறை நாங்கள் வெளியிட்ட பதிப்பில் ஒரு பெரிய பிழை இருந்தது. ஒரு மருத்துவமனையின் பதிவுகளே போயிருக்கும். அதை அக்கா கண்டுபிடித்தார். பட்டியலில் போட்டிருந்தால் ஊரே சிரித்திருக்கும். எனக்கு மட்டும் தனியாக இரண்டு வரி எழுதினார், எந்த இடத்தில் பிழை என்று, அவ்வளவுதான். நன்றி என்று ஒரு சொல் எழுதி அனுப்பினேன். முடிச்சூருக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை.

இந்த ஆண்டு எங்களை வாங்க வந்தவர்களும் நிரலை மூட வேண்டும் என்ற அதே நிபந்தனையைத்தான் வைத்தார்கள். எங்கள் இருபத்திரண்டு பேருக்கும் அது பெரிய வாய்ப்பு, வீட்டுக்கடன் இருப்பவர்கள் பலர் இருந்தார்கள். மறுபடியும் அக்காவிடம் போகத் துணிச்சல் திரட்ட எனக்கு இரண்டு மாதம் ஆனது. திரட்டிய நாளில்தான் செய்தி வந்தது.

மறுநாள் தாம்பரத்தில் கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். வெள்ளத்தின்போது கூடத்தில் தங்கியிருந்தவர்கள், பணிமனை ஆட்கள், அவரிடம் திட்டு வாங்கிய மாணவர்கள். வாசலில் அவரை நிறுத்திய அதே பல்கலைக்கழகம் மலர்வளையம் அனுப்பியிருந்தது. நான் பையோடு நின்றேன். தாள் அதற்குள்தான் இருந்தது, எடுத்து வீட்டில் வைக்கக்கூடத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் ஜெபத்துக்குப் போனபோது ஆரோக்கியசாமி அண்ணன் என்னைத் தனியாக மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போனார். கூப்பிட்டது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

"யாரோ வக்கீலு போன் பண்ணாரு தம்பி. அவ எழுதினதுக்கு இப்ப நான்தான் கையெழுத்து போடணுமாமே. எனக்கு இன்னா தெரியும்? நீ போடுன்னா போட்றேன்."

பிள்ளைகள் இல்லாததால் உரிமை முழுவதும் அவருக்குத்தான். வாங்க வந்தவர்கள் இரண்டு நாள்கூடப் பொறுக்கவில்லை. எனக்கு அவர்கள்மேல் அருவருப்பு வந்தது உண்மை. ஆனால் அண்ணன் கேட்டதும் முதலில் என் மனசில் வந்தது அருவருப்பு இல்லை. வேலை முடிந்தது என்ற நிம்மதிதான் வந்தது. பையில் தாள் இருக்கிறது, சட்டைப்பையில் பேனா இருக்கிறது, எதிரே இருப்பவர் என்னை நம்பி நிற்கிறார். நான் தலையைக் குனிந்து பையைப் பார்த்தேன். அவர் நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்தார்.

"உங்க கம்பெனின்னா அவளுக்கு உசுரு தம்பி. ஞாயித்துக்கெழம கோயிலாண்ட போய்ட்டு வந்து, நீங்க எதுனா புச்சா வுட்டீங்கன்னா அதப் போட்டுப் பாத்துக்கினே குந்திகினு இருப்பா. இன்னாடி, சம்பளமா குடுக்கறான்னு கேட்டா, பசங்க எதையாச்சும் தொலைச்சிருவாங்கன்னுவா."

அந்த மருத்துவமனைப் பிழையை அவர் தற்செயலாகக் கண்டுபிடித்ததாகத்தான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். நாங்கள் வெளியிட்ட ஒவ்வொரு பதிப்பையும் அவர் வீட்டில் உட்கார்ந்து சோதித்திருக்கிறார். நான் அவரைப் பார்த்துச் சொன்ன சொற்களுக்குப் பிறகும். அப்போதுதான் உண்மையிலேயே அழுதேன்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் முன்பு தாளோடு வந்தது, அக்கா மறுத்தது, நான் பேசியது, எதையும் விடவில்லை. அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் இனிப்பு இருந்தது மட்டும் நினைவிருந்தது, பாலாஜி கம்பெனி ஆரம்பிக்கிறான் என்று அக்கா தெருவில் எல்லோருக்கும் கொடுத்தாராம். நான் பேசியதைக் கேட்டு அண்ணனுக்குக் கோபம் வந்தது, வரத்தான் வேண்டும். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அவ வோணான்னத நான் எப்படிப்பா சரின்னு சொல்றது" என்றார். போடாதீர்கள் அண்ணா, யார் வந்து கேட்டாலும் போடாதீர்கள் என்று சொன்னேன். பையிலிருந்த தாளை எடுத்து அவர் எதிரிலேயே கிழித்தேன். அது கொஞ்சம் நாடகத்தனம்தான், கணினியில் அதன் பிரதி இருக்கிறது. ஆனாலும் செய்யாமல் இருக்க முடியவில்லை.

வாங்க வந்தவர்கள் நாசூக்காக விலகிக்கொண்டார்கள். அலுவலகத்தில் எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். சிலர் புரிந்துகொண்டார்கள். என்னோடு தொடக்கத்திலிருந்து இருக்கும் ஒருவர், செத்தவங்களுக்காக எங்க பிள்ளைகள் வாய்ப்பைக் கெடுத்துட்டீங்க சார் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அவரிடம் என்னால் வாதாட முடியவில்லை, அவர் வருத்தமும் நியாயமானதுதான். ஏறக்குறைய அதே சொற்களை நான் ஒருமுறை அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் முன்னால் நான் கோபப்படாமல் உட்கார்ந்திருந்தேன், அதற்கு மேல் என்ன செய்ய?

போன வாரம் பொதுப் பட்டியலுக்கு ஒரு கடிதம் வந்தது. ஏதோ ஒரு மலையூரில் சின்ன நூலகம் ஒன்றில் வேலை பார்ப்பவர் எழுதியிருந்தார். "டியர் புனிதா சார்" என்று தொடங்கியிருந்தார். அவர்களிடம் இருப்பவை எல்லாம் பழைய கணினிகள், மீட்புப் பகுதியைக் கொஞ்சம் மாற்றினால் அவற்றில் ஓடும், மாற்றிக்கொள்ள அனுமதி தருவீர்களா என்று மிகவும் பணிவாகக் கேட்டிருந்தார்.

நான் பதில் எழுதினேன். அவர் சார் இல்லை, பெண்மணி என்றும் சென்ற மாதம் காலமாகிவிட்டார் என்றும் சொன்னேன். அனுமதி யாரிடமும் கேட்க வேண்டாம், அவர் எப்போதோ கொடுத்துவிட்டார், மாற்றியதும் எங்களுக்கு அனுப்புங்கள், எதாவது தொலைகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்று எழுதினேன். அந்த மனிதர் இரங்கல் தெரிவித்துவிட்டு, மாற்றியதை அனுப்பி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தேன். அதற்காக அக்கா எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன், இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக. மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன், பொழுது சாயும் வரை ஆனது. நூலகக்காரர் மாற்றியதில் ஒரு இடத்தில் தவறு இருந்தது. அவருக்கு மட்டும் தனியாக எழுதினேன்.

அக்கா, அன்று உங்கள் வீட்டில் நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் கேட்டிருக்க வேண்டியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் உட்காருகிறேன், நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.